மேய்ச்சல் ஆட்டுக்கறி: கூடுதல் விலைக்கு என்ன கிடைக்கும்?

கேள்வி: ஐயா, நாங்கள் கோவையில் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை என்றால் வீட்டில் ஆட்டுக்கறிதான். இதுவரை தெருமுனைக் கடையில் வாங்கிக்கொண்டிருந்தோம். இப்போது இணையத்தில் ஒருவர் 'முழுக்க முழுக்கப் புல் மேய்ந்த ஆட்டின் கறி' என்று கிலோவுக்கு இருநூறு ரூபாய் கூடுதலாக விற்கிறார். இதைச் சாப்பிட்டால் கொலஸ்ட்ரால் ஏறாது, ஒமேகா-3 நிறைய இருப்பதால் மீனே தேவையில்லை, பிள்ளைகளுக்கு இரத்தம் ஊறும் என்றெல்லாம் சொல்கிறார். என் மாமனாருக்கு 68 வயது, கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை எடுக்கிறார். ஏழு வயது மகளுக்கு ஹீமோகுளோபின் குறைவு. கூடுதல் பணம் கொடுத்து வாங்குவது சரியா? உண்மையிலேயே மேய்ந்த ஆடுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒருமுறை வாங்கிச் சமைத்தபோது எத்தனை விசில் விட்டும் கறி வேகவில்லை. அது ஏன்?
– ஒரு வாசகி, கோவை

பதில்: கால்நடை மருத்துவர்

வணக்கம் அம்மா. வாங்கலாம். கையில் வசதி இருந்தால் தாராளமாக வாங்குங்கள். என் வீட்டிலும் கிடைக்கிறபோது மேய்ச்சல் ஆட்டைத்தான் வாங்குகிறோம். ஆனால் அதை மருந்தாக நினைத்து வாங்காதீர்கள். விற்பவர் சொன்ன மூன்றில் கொலஸ்ட்ரால் பற்றிய பேச்சு தவறு. ஒமேகா-3 இருக்கிறது என்பது உண்மை, அதனால் மீன் வேண்டாம் என்பது பொய். இரத்தம் ஊறும் என்பது எந்த ஆட்டுக்கறிக்கும் பொருந்தும். ஆடு புல் தின்றதா மக்காச்சோளம் தின்றதா என்பதால் அதில் பெரிய மாற்றம் இல்லை.

இதெல்லாம் ஏன் இப்படி என்று புரிய வேண்டுமானால் ஆட்டின் வயிற்றுக்குள் நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். புல்லில் ஏது கொழுப்பு என்று நினைப்போம். பச்சைப் புல்லின் ஈரத்தை நீக்கிவிட்டு எடை பார்த்தால் நூற்றில் இரண்டு, மூன்று பங்கு கொழுப்புதான். அந்தக் கொஞ்சத்திலும் பாதிக்கு மேல் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். அதுதான் தாவரங்களில் இருக்கும் ஒமேகா-3. மக்காச்சோளத்திலும் பருத்திக்கொட்டையிலும் இருக்கிற கொழுப்பு பெரும்பாலும் ஒமேகா-6. ஆக, ஆடு என்ன தின்கிறது என்பதைப் பொறுத்து வயிற்றுக்குள் போகிற கொழுப்பின் வகையே மாறுகிறது.

போனது அப்படியே கறியில் வந்து சேர்வதில்லை. ஆடு மாடுகளின் முதல் இரைப்பையில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவை புல்லை நொதிக்க வைக்கிற அதே நேரத்தில், ஒமேகா-3, ஒமேகா-6 போன்ற நிறைவுறாக் கொழுப்புகளை நிறைவுற்ற கொழுப்பாக மாற்றிவிடுகின்றன. தப்பிப் போகிற சிறு பங்குதான் கறியில் படிகிறது. இந்த மாற்றம் பாதியில் நிற்கும்போது உண்டாகிற ஒரு கொழுப்பு சிஎல்ஏ. 1980-களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பாரிசா குழுவினர் மாட்டிறைச்சியிலிருந்து பிரித்தெடுத்து, எலிகளில் புற்றுக்கட்டிகளைக் குறைக்கிறது என்று கண்டது இதைத்தான். புல் மேய்ந்த விலங்கின் கறியில் இது இரண்டு மூன்று மடங்கு அதிகம் இருக்கும். ஆனால் கறியிலிருந்து மனிதனுக்குக் கிடைக்கிற சிறு அளவு புற்றுநோயைத் தடுக்கும் என்று நிறுவப்படவில்லை. யாராவது அப்படிச் சொல்லி விற்றால் நம்ப வேண்டாம்.

ஒமேகா கணக்குக்கு வருவோம். மாட்டிறைச்சி பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் ஒரு கட்டுரை வந்தது. தானியம் கொடுத்துக் கொழுக்க வைத்த மாட்டின் கறியில் ஒமேகா-3 ஒரு பங்கு என்றால் ஒமேகா-6 சராசரியாக ஏழரைப் பங்கு இருந்தது. புல் மட்டும் தின்ற மாட்டில் அது ஒன்றரைப் பங்குதான். இந்த எண்ணைத்தான் எல்லா விளம்பரமும் பிடித்துக்கொண்டிருக்கிறது. எண் சரிதான். ஆனால் இது விகிதம், அளவு இல்லை. கொழுப்பு நீக்கிய நூறு கிராம் மேய்ச்சல் கறியில் மொத்த ஒமேகா-3 நூறு மில்லிகிராமைத் தொட்டாலே பெரிது. நூறு கிராம் மத்தி மீனில் ஒரு கிராமுக்கு மேலேயே கிடைக்கும், அதாவது பத்து மடங்கு. அதுவும் உடம்பு நேராகப் பயன்படுத்திக்கொள்கிற இபிஏ, டிஹெச்ஏ வடிவில் இருக்கும். கறியில் இருப்பதில் பெரும்பங்கு தாவர வகை. அதை நம் உடம்பு மாற்றிக்கொள்ளும்போது நூற்றில் சில பங்குதான் தேறும். மீன் பிடிக்காது என்றால் ஒரு மேசைக்கரண்டி ஆளி விதையை வறுத்துப் பொடித்து இட்லிப் பொடியோடு சேர்த்துக்கொள்ளுங்கள். தாவர ஒமேகா-3 ஒருநாள் தேவைக்கு அதிலேயே கிடைத்துவிடும். உக்கடம் மீன் சந்தையில் மத்தி வாங்குகிற பழக்கம் உங்களுக்கு இருந்தால் அதை இந்தக் கறிக்காக விட்டுவிடாதீர்கள்.

இதனால் மேய்ச்சல் கறியில் பயனே இல்லை என்று ஆகிவிடாது. வட அயர்லாந்தில் நலமாக இருந்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் புல் மேய்ந்த மாடு, செம்மறியின் கறியையும், இன்னொரு பிரிவுக்கு அடர்தீவனம் (தானியம், புண்ணாக்குக் கலவை) தின்றவற்றின் கறியையும் நான்கு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2011-இல் முடிவு வெளியானது. புல் கறி சாப்பிட்டவர்களின் இரத்தத்தில் ஒமேகா-3 கூடியிருந்தது. கொலஸ்ட்ரால், இரத்த அழுத்தம் இரண்டிலும் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. உங்கள் மாமனார் விஷயத்துக்கு இந்த ஒரு ஆய்வே போதுமான பதில்.

அவருக்காக இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். நூறு கிராம் ஆட்டுக்கறியில் கொலஸ்ட்ரால் 60 முதல் 80 மில்லிகிராம் வரை இருக்கும். புல்லோ தானியமோ, இது மாறுவதில்லை. இரத்தத்தில் எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவதில் கறியில் உள்ள கொலஸ்ட்ராலைவிட நிறைவுற்ற கொழுப்புக்குத்தான் பங்கு அதிகம். அந்தக் கொழுப்புக்குள் ஒரு சின்ன நன்மை புல் மேய்ந்த ஆட்டுக்கு உண்டு. எல்டிஎல்லை உயர்த்துகிற பால்மிடிக் வகை சற்றுக் குறைந்து, உயர்த்தாத ஸ்டியரிக் வகை சற்றுக் கூடும். கறியும் மெலிந்திருக்கும். ஆனால் மெலிந்த கறி வேண்டும் என்றால் அதற்குச் சுலபமான வழி வெள்ளாடு. வெள்ளாட்டுக்குக் கொழுப்பு பெரும்பாலும் வயிற்றுக்குள், குடலையும் சிறுநீரகத்தையும் சுற்றித்தான் படியும். தசைக்குள் நூற்றில் இரண்டு மூன்று பங்குதான் இருக்கும். செம்மறிக்குத் தோலுக்கடியிலும் தசைக்கிடையிலும் படியும். ஆகவே மாமனாருக்கு வெள்ளாட்டுத் தொடைக்கறி வாங்கி, கண்ணுக்குத் தெரிகிற கொழுப்பைக் கடையிலேயே எடுத்துவிடச் சொல்லுங்கள். மூளையும் குடலும் அவருக்கு வேண்டாம். குழம்பை ஆறவிட்டு மேலே உறைகிற நெய்யை வழித்து எடுத்துவிடலாம். தேங்காய் அரைத்து ஊற்றுகிற அளவையும் பாருங்கள். கறியில் குறைத்த நிறைவுற்ற கொழுப்பு தேங்காய் வழியாக அதே சட்டிக்குள் வந்துவிடும்.

வாரத்துக்கு எவ்வளவு என்று கேட்டால், உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் சொல்கிற மேல்வரம்பு, ஒருவருக்குச் சமைத்த சிவப்பு இறைச்சியாக (ஆட்டுக்கறி, மாட்டுக்கறி எல்லாம் இதில் சேரும்) 350 முதல் 500 கிராம். 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சிவப்பு இறைச்சியை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற பட்டியலில் சேர்த்தபோது மேய்ந்த ஆடு, கட்டிப்போட்ட ஆடு என்று பிரிக்கவில்லை. ஞாயிறு ஒருவேளை, நான்கைந்து பேர் பகிர்ந்து சாப்பிடுகிற குடும்பத்துக்கு இந்த வரம்பு பற்றிக் கவலை இல்லை. மேய்ச்சல் கறிதானே என்று வாரம் மூன்று நாள் ஆக்க ஆரம்பித்தால் கவலைப்பட வேண்டும். மாத்திரையை எக்காரணம் கொண்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள். அதை முடிவு செய்ய வேண்டியவர் அவருடைய மருத்துவர்.

மகளுக்கு வருகிறேன். ஹீமோகுளோபின் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. அந்த வயதில் 11.5-க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை என்று கணக்கு. ஆட்டுக்கறியில் இருக்கிற இரும்பு 'ஹீம்' வகை. கீரை, பயறில் இருப்பதைவிட உடம்பு இதை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். அதோடு, கறி சேர்ந்த தட்டில் இருக்கிற கீரையின் இரும்பும் கூடுதலாக உறிஞ்சப்படும். எனவே ஞாயிறு கறியோடு முருங்கைக்கீரைப் பொரியல் வையுங்கள். சாப்பிட்ட உடனே டீ, காபி கொடுக்காதீர்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள்: நூறு கிராம் கறியில் இரண்டு மில்லிகிராம் அளவுதான் இரும்பு. ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைப்பது நாளுக்கு 15 மில்லிகிராம். வாரம் ஒருநாள் கறி இதை ஈடுகட்டாது. ஈரலில் இரும்பு கறியைவிட மூன்று மடங்கு இருக்கும் என்பதால் அது நல்லது. வாரத்துக்கு ஒருமுறை நாலைந்து துண்டு போதும், வைட்டமின் ஏ அதில் மிக அதிகம். குழந்தை மருத்துவரிடம் காட்டி, குடற்புழு மருந்தும் இரும்புச் சத்து மருந்தும் தேவையா என்று கேளுங்கள். கிலோவுக்கு இருநூறு ரூபாய் கூடக் கொடுப்பதால் அவளுடைய ஹீமோகுளோபின் ஏறப்போவதில்லை.

சரி, பிறகு எதற்காக வாங்கச் சொல்கிறேன்?

தாராபுரம், மூலனூர், வெள்ளக்கோவில், காங்கயம் பக்கம் போனால் சாலையின் இரண்டு புறமும் கிளுவை வேலி போட்ட வெட்டவெளிக் காடுகளைப் பார்ப்பீர்கள். உழவு இல்லை, விதைப்பு இல்லை, நடுவில் ஆங்காங்கே வெள்வேல மரம். கொரங்காடு என்பார்கள். எனக்குத் தெரிந்து மேய்ச்சல் நிலம் என்று சொல்ல இதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டின் சமவெளியில் இல்லை. வடகிழக்குப் பருவமழை பெய்ததும் கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரத்துக்குத் தூரடித்து வரும். இடையிடையே நரிப்பயறு படரும். வேலி அடர்த்தியாக இருப்பதால் ஆட்டை ஓட்டிவிட்டால் போதும், பின்னால் ஆள் நிற்க வேண்டியதில்லை. மேச்சேரி இனச் செம்மறிகள் தலை நிமிராமல் வரிசையாகப் புல்லைக் கொறித்துக்கொண்டே போகும். கோடையில் புல் காய்ந்து பழுப்பேறிய பிறகு வெள்வேலங்காய் உதிரும். மரத்தடியில் காய் உதிர்கிற இடத்தை ஆடுகள் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கும். அந்தக் காயிலும் வேல இலையிலும் இருக்கிற துவர்ப்புச் சத்து வயிற்றுப் புழுக்களை ஓரளவு கட்டுப்படுத்துகிறது. யூரியா இல்லை, பூச்சி மருந்து இல்லை, மழை தவிர வேறு தண்ணீர் இல்லை. விளைச்சலே வராத மானாவாரி மண் இப்படித்தான் தலைமுறைகளாகக் குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. இப்போது மனை விற்பனைக்கும் சூரிய மின்பலகைகளுக்கும் இந்தக் காடுகள் போய்க்கொண்டிருக்கின்றன. ஒரு கொரங்காட்டை உழுது போட்டால் அந்தப் புல்லைத் திரும்பக் கொண்டுவருவது சாதாரண வேலை இல்லை. நீங்கள் கொடுக்கிற கூடுதல் இருநூறில் நியாயமான பங்கு அப்படி ஒரு காட்டை வைத்திருக்கிறவருக்குப் போகுமானால், அந்தப் பணம் நல்ல இடத்துக்குத்தான் போகிறது. அவருக்குப் போகிறதா என்று விற்பவரிடம் கேட்கிற உரிமையும் உங்களுக்கு உண்டு.

ஆட்டின் நலமும் இருக்கிறது. புல்லையும் தழையையும் நாள் முழுக்கக் கடித்து, பிறகு படுத்து அசைபோடுவதற்காக உண்டான வயிறு அது. சீக்கிரம் எடை ஏற வேண்டும் என்று மக்காச்சோள மாவும் அரிசிச் சோறும் அளவுக்கு மீறி வைக்கும்போது வயிறு புளித்து அமிலமாகும். அசைபோடுவது நிற்கும். கழிச்சல் கண்டு, ஒரே நாளில் செத்துப்போன ஆடுகளை எங்கள் தொழிலில் எல்லோரும் பார்த்திருப்போம். பக்ரீத், தீபாவளி நெருங்கும்போது இந்தக் கேஸ்கள் கூடும்.

ஆனால் பரண் (தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய ஆட்டுக்கொட்டகை) என்றாலே தானியம், மேய்ச்சல் என்றாலே புல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இங்கேதான் விளம்பரங்கள் நம்மைக் குழப்புகின்றன. பரணில் நிற்கிற ஆட்டுக்குக் கோ-4 கம்பு நேப்பியர், வேலிமசால், அகத்தி, சூபாபுல் என்று பசுந்தீவனம் வெட்டிப் போட்டு, அடர்தீவனத்தை ஒரு கைப்பிடியோடு நிறுத்துகிற பண்ணைகள் உண்டு. அந்த ஆட்டின் கொழுப்பு மேய்ச்சல் ஆட்டின் கொழுப்புக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். மறுபக்கம், நகரத்துத் தெருவில் அவிழ்த்துவிட்ட ஆடும் மேய்ச்சல் ஆடுதான். குப்பைத்தொட்டியில் சுவரொட்டித் தாளும் சாம்பார் ஊற்றிய பாலித்தீன் பையும் தின்று, இரைப்பையில் கைப்பிடி கைப்பிடியாகப் பிளாஸ்டிக் அடைத்துக்கொண்டு வருகிற ஆடுகளுக்கு அறுவை சிகிச்சை செய்கிற நிலை இருக்கிறது. மருந்து அடித்த பருத்திக் காட்டில் செடி கடிக்க விட்ட செம்மறியும் மேய்ச்சல் கணக்கில்தான் வரும். காலால் நடந்ததா என்பது கேள்வி இல்லை. வாயில் எது போயிற்று என்பதுதான் கேள்வி.

பருவத்தையும் பாருங்கள். நான் மேலே சொன்ன ஒமேகா-3, அதோடு வைட்டமின் ஈ எல்லாம் பச்சைப் புல்லில் இருப்பவை. புல் வெயிலில் காயக் காய இவை குறைந்துகொண்டே போகும். நவம்பர் முதல் ஜனவரி வரை பசுமையில் மேய்ந்த ஆட்டின் கறியும், ஏப்ரல், மே மாதத்தில் சருகும் சோளத்தட்டும் தின்று எலும்பு தெரிய நிற்கிற ஆட்டின் கறியும் ஒன்று இல்லை. இரண்டுக்கும் ஒரே விலை போட்டு, ஒரே வார்த்தையில் புகழ்ந்து விற்கிறார்கள். வெளிநாட்டு ஆய்வுகள் பெரும்பாலும் அயர்லாந்து, நியூசிலாந்து மாதிரி ஆண்டில் பெரும்பகுதி பச்சையாக இருக்கிற நாட்டுப் புல்லை வைத்து நடந்தவை. அந்த எண்களை நம் கோடைக்கு அப்படியே பொருத்த முடியாது. கூடுதல் விலை கொடுப்பதானால் மார்கழி, தையில் கொடுங்கள். சித்திரையில் தெருமுனைக் கடையே போதும். தெருமுனைக் கடைக்கு வருகிற ஆட்டிலும் பெரும்பாலானவை கிராமத்துச் சந்தையிலிருந்து வருகிற மேய்ச்சல் ஆடுகள்தான் என்பதையும் மறக்க வேண்டாம். அமெரிக்காவில் மாடுகளைக் கடைசி நாலைந்து மாதம் கொட்டிலில் அடைத்து மக்காச்சோளம் போட்டுக் கொழுக்க வைப்பது வழக்கம். 'புல் மட்டுமே' என்ற விளம்பரம் அந்தப் பழக்கத்துக்கு எதிராக அங்கே பிறந்தது. அங்கேயே இந்தப் பெயருக்கு வேளாண் துறை வைத்திருந்த தர வரையறையை 2016 ஜனவரியில் விலக்கிக்கொண்டார்கள்.

இனி, கண்டுபிடிப்பது எப்படி? 'புல் தின்றதன் கொழுப்பு மஞ்சளாக இருக்கும்' என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். அது மாட்டுக்குப் பொருந்தும். புல்லில் உள்ள பீட்டா கரோட்டினை மாடு கொழுப்பில் சேர்த்து வைக்கும். வெள்ளாடும் எருமையும் அதைப் பெரும்பாலும் வைட்டமின் ஏ-வாக மாற்றிவிடும். அதனால் எது தின்றாலும் கொழுப்பு வெள்ளைதான். செம்மறியிலும் மஞ்சள் அபூர்வம். ஆட்டுக்கொழுப்பு நல்ல மஞ்சளாக இருந்தால் அது மஞ்சள் காமாலையாக இருக்கக்கூடும், அந்தக் கறியை வாங்காதீர்கள். கறி அடர் சிவப்பாக இருப்பதும் உறுதியான அடையாளம் இல்லை. நடந்து மேய்ந்த ஆட்டுக்கு அப்படி இருக்கும், வயதான ஆட்டுக்கும் அப்படித்தான் இருக்கும்.

பொய் சொல்லாத இடம் ஒன்று உண்டு. காலையில் நேரத்தோடு போய், போட்டி (குடல், இரைப்பை) சுத்தம் செய்யும்போது இரைப்பையைக் கிழிப்பதைப் பாருங்கள். மேய்ந்த ஆடு என்றால் உள்ளே கரும்பச்சை நிறத்தில், பிழிந்த கீரை போல நார் நாராகத் திரண்டு கிடக்கும். மழைக்கால மண்வாசமும் தழைவாசமும் அடிக்கும். தானியம் மிகுதியாகத் தின்ற ஆடு என்றால் மஞ்சள் கலந்த கூழாக, தண்ணீர்விட்டு, புளித்த மாவு வாடை மூக்கைத் துளைக்கும். உடைந்த சோள மணியும் தெரியும். சந்தையில் வாங்கியதும் ஒருநாள் பட்டினி போட்ட ஆடானாலும் இந்த வித்தியாசம் ஓரளவு தெரியும். சிறுநீரகத்தைச் சுற்றி எவ்வளவு கொழுப்பு கட்டியிருக்கிறது என்பதையும் பாருங்கள். மேய்ந்த இளம் ஆட்டில் மெல்லிய போர்வையாக இருக்கும். கொழுக்க வைத்ததில் சிறுநீரகமே தெரியாமல் மூடியிருக்கும்.

இணையத்தில் வாங்கும்போது இதைப் பார்க்க முடியாது. கேள்விதான் கேட்க முடியும். எந்த ஊர்ப் பட்டி, என்ன இனம், கடைசி இரண்டு மாதம் என்ன தீனி, கடைசியாகப் புழு மருந்து கொடுத்தது எப்போது? இந்த நான்குக்கும் நேராகப் பதில் சொல்கிறவரிடம் வாங்குங்கள். கடைசி இரண்டு மாதத்தை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஓர் ஆண்டு மேய்ந்த ஆட்டையும் விற்பதற்கு முன் மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும் வைத்து எடை ஏற்றுவது வழக்கம். அப்படி ஏற்றினால் புல்லால் வந்த கொழுப்பின் நன்மை வாராவாரம் கரைந்துபோகும். புழு மருந்து பற்றிய கேள்வியும் முக்கியம். மேய்ச்சல் ஆட்டுக்குப் புழுத்தொல்லை அதிகம், ஆகவே மருந்து கொடுத்தே ஆக வேண்டும். கொடுத்த பிறகு மருந்துக்கேற்பச் சில நாள் முதல் சில வாரம் வரை வெட்டக் கூடாது. 'எங்கள் ஆட்டுக்கு மருந்தே கொடுப்பதில்லை' என்று பெருமையாகச் சொல்கிறவரைவிட, 'கொடுத்து ஒன்றரை மாதம் ஆகிறது' என்று சொல்கிறவரை நான் நம்புவேன்.

ஈரல் வாங்கும்போது புரட்டிப் பாருங்கள். குளத்தோரம் மேய்ந்த ஆட்டின் ஈரலில் பித்தக்குழாய் தடித்து, அறுத்தால் இலை மாதிரித் தட்டைப்புழு வரும். நீர்க்கட்டியும் சில ஆட்டில் இருக்கும். அப்படி இருந்தால் வாங்காதீர்கள். அந்தத் துண்டுகளைத் தெருநாய்க்குப் போடவும் விடாதீர்கள். நீர்க்கட்டி நாய் வழியாகத்தான் மனிதருக்கு வருகிறது. மாநகராட்சி ஆட்டிறைச்சிக் கூடத்தில் வெட்டி, மருத்துவர் பார்த்து முத்திரை குத்திய கறி என்றால் இந்தக் கவலை பாதி தீர்ந்தது.

கறி வேகாததற்கு வருகிறேன். மேய்ச்சல் ஆடு மெதுவாக வளரும். கட்டித் தீனி போட்ட கிடா சீக்கிரம் எட்டுகிற எடையை இது எட்ட இன்னும் சில மாதம் ஆகும். வயது கூடக் கூடத் தசையைப் பிணைக்கிற கொலாஜன் இறுகும். நடந்து திரிந்த காலும் தொடையும் இன்னும் இறுகும். இடையில் கொழுப்பும் இல்லை. இது கறியின் குறை இல்லை, சமைக்கும் முறைதான் மாற வேண்டும். பல் போடாத குட்டியா, இரண்டு பல் ஆடா என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு பல் என்றால் ஒரு வயது தாண்டியது, அதற்குமேல் போனால் குழம்புக்கும் சூப்புக்கும்தான் சரி, வறுவலுக்கு ஆகாது. விதை நீக்காத பெரிய கிடா என்றால் மொச்சை வாடையும் சேர்ந்துகொள்ளும்.

உங்களுக்கு வந்த கறி பெட்டியில் ஐஸ் வைத்து வந்தது என்றால் இன்னொரு காரணமும் இருக்கலாம். வெட்டிய சில மணி நேரத்தில் தசை விறைத்து, பிறகு மெல்லத் தளரும். மேலே கொழுப்புப் போர்வை இல்லாத மெலிந்த ஆட்டை விறைப்பு வருவதற்கு முன்பே கடுங்குளிரில் வைத்தால் தசை சுருண்டு இறுகிவிடும். அதன் பிறகு எத்தனை விசில் விட்டாலும் ரப்பர் மாதிரித்தான் இருக்கும். அதனால் சூடு ஆறாத கறியை நேரே ஃப்ரீசரில் வைக்கவே வைக்காதீர்கள். கடையில் வெட்டியதை வாங்கினால் கொண்டுவந்த கையோடு அடுப்பில் ஏற்றுங்கள். இல்லாவிட்டால் முதலில் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒருநாள் மூடி வைத்துவிட்டு மறுநாள் சமையுங்கள். இணையத்தில் வாங்குவதானால் எப்போது வெட்டியது, எத்தனை மணி நேரம் தொங்கவிட்டுக் குளிரூட்டினீர்கள் என்று கேளுங்கள்.

சமைக்கும்போது முதல் விசிலுக்குப் பிறகு தீயை நன்றாகக் குறைத்து அரை மணி நேரம் விடுங்கள். அதிகத் தீயில் பத்து விசில் விடுவதைவிட இது நல்லது. கொலாஜன் கரைந்து குழம்பிலேயே சேரும், சாறும் தடிப்பாக வரும். தயிரிலோ பச்சைப் பப்பாளிக்காய் அரைத்ததிலோ ஒரு மணி நேரம் பிசறி வைத்தால் இன்னும் சீக்கிரம் வேகும். பப்பாளியை மட்டும் அதிக நேரம் வைக்காதீர்கள், கறி மாவாகிவிடும். உப்பைக் கறி பாதி வெந்ததும் போடுவதா முதலிலேயே போடுவதா என்று உங்கள் மாமியார் ஒன்று சொல்லியிருப்பார். அவர் சொல்கிறபடியே செய்யுங்கள், வேகும் நேரத்தில் அதனால் பெரிய வித்தியாசம் வராது.